கூண்டு ஏற்றாத மகனுக்கு

அன்புள்ள குமாருக்கு,

சௌக்கியமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்பது எனக்கு மனப்பாடம். "ஒன்னுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். சொன்ன கையோடு, இங்கே மழை உண்டா, அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். போனில் உன்னைப் பிடித்து நிறுத்த என்னால் முடிவதில்லை. பக்கத்திலேயே உன் அம்மா நின்றுகொண்டு, "எங்கிட்டக் குடுங்க, எங்கிட்டக் குடுங்க" என்று ரிசீவரைப் பிடுங்குவாள். கடிதம் என்றால் நடுவில் புகுந்து பேச உன்னாலும் முடியாது, அவளாலும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவனுக்குப் பேச்சு அதிகம் என்று சொல்வார்கள், அதை நீயும் அனுபவித்துக்கொள். விடுமுறை நாளாகப் பார்த்து சாவகாசமாக உட்கார்ந்து படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் நடக்கும் என்றும் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று செல்வியின் அப்பா சொல்லி அனுப்பியது வரைக்கும் உனக்குத் தெரியும். உன் ரெயூனியன் தீவில் மாசி மாதம் அடித்த புயலின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டாய். "நீங்களே பாத்துப் பேசி முடிங்கப்பா" என்று என் தலையில் கட்டினாய். சரி, பேசினோம். போன வெள்ளிக்கிழமை நானும் உன் அம்மாவும் திருநள்ளாறு போய், அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம். அது எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவர் பயந்தது படத்தைப் பார்த்து இல்லை. உன்னோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற, உன் வீட்டிலேயே தங்கியிருக்கிற பாலு, பங்குனிக் கடைசியில் விடுமுறைக்கு வந்தபோது, நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். அதில் நீ வனிலாக் காய் வைத்திருந்தாய். உன் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, அவரைக்காய அழுகவச்சுல்ல அனுப்பியிருக்கான்" என்றாள். அந்த நேரம் பார்த்துச் செல்வியின் அப்பாவும் நம் வீட்டில்தான் இருந்தார். பத்திரிகையில் யார் பெயருக்கு அப்புறம் யார் பெயர் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். பாலுவுக்குக் காப்பி கொடுத்து, அந்த ஊர் எப்படித் தம்பி இருக்கிறது என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவனும் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"இப்ப பரவால்லிங்க. புது ஓடு போட்டாச்சு. அந்தப் புயல்ல கூரையில பாதி பறந்துபோச்சுல்ல. நானும் குமாரும் குளியலறைக்குள்ள போயி, மெத்தையத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். கதவு பிச்சுக்கிட்டுப் போவாம முதுகால முட்டுக் குடுத்தோம். பொழைச்சது பெரிய விஷயங்க. ஏன், குமார் சொல்லலியா?"

உன் அம்மா கையில் அந்தக் காயை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பாலுவின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்துகொண்டு காப்பியைக் கடகடவென்று குடித்துவிட்டுக் கிளம்பினான். செல்வியின் அப்பா பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பத்திரிகைக்கு எழுதி வைத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் வரேங்க" என்றார். மறுநாள்தான் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்.

மாசி மாதம் நடந்ததை உனக்கு ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். உன் தீவின் பெயரைச் செய்தியில் சொன்னார்கள். உடனே உனக்குப் போன் போட்டோம், மணியே அடிக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். நான் துறைமுகக் கொடிமரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற வேலையிலேயே தலை நரைத்தவன். ஒன்றாம் எண் என்றால் புயல் எங்கேயோ நடுக்கடலில் இருக்கிறது என்று அர்த்தம், எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது, பத்து என்றால் பேராபத்து. இதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பத்துக்கும் மேலே பதினொன்று என்று ஒரு கூண்டு இருப்பது பலருக்குத் தெரியாது. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது, வானிலையும் மோசமாகலாம், இனி அங்கிருந்து சேதி எதுவும் வராது என்றால் அதை ஏற்ற வேண்டும். என் வேலைக்காலம் முழுவதிலும் அதை நான் கொடிமரத்தில் ஏற்றியதில்லை. அந்த மாசியில் அது நம் வீட்டில் ஏறியிருந்தது. உன் அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். நான் வானொலியைத் திருப்பிக்கொண்டே இருப்பேன்.

கடைசியில் உன் குரல் கேட்டது. "ஒன்னுமில்லம்மா, கொஞ்சம் காத்து, அவ்ளோதான்" என்றாய். வீடு நல்லா இருக்கா என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கும்மா" என்றாய். வீடு இருந்தது உண்மைதான், மேலே ஓடுதான் இல்லை. நான் என் பங்குக்குக் காற்று எந்தத் திசை, என்ன வேகம் என்று விசாரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினோம். பாலு வந்து சொன்ன பிறகு எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது அது போய்விட்டது. ஆனால் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். கடலுக்குப் போகிறவனுக்கெல்லாம் முன்கூட்டியே சேதி சொல்லிச் சம்பளம் வாங்கி உன்னை வளர்த்தேன். அந்த வீட்டுப் பிள்ளை தன் தலைக்கு மேல் இருந்த கூரை போனதைச் சொல்லவில்லை.

நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது உன்னைக் கொடிமரத்துக்கு அழைத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? மேலே தொங்குகிற கறுப்புக் கூண்டை வாய் பிளந்து பார்த்துவிட்டு, "அப்பா, புயல அதுக்குள்ள புடிச்சுப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாய். அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புயலைப் பிடிக்க முடியாதுடா, வருது வருது என்று சொல்லத்தான் முடியும் என்றேன். உனக்கு அது பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். முறுக்கு வாங்கிக் கொடுத்த பிறகுதான் சமாதானமானாய்.

சரி, திருநள்ளாற்றுக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து என்னைச் "சம்பந்தி, சம்பந்தி" என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர், அன்றைக்கு வாசலில், "வாங்க சார்" என்றார். உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். கொல்லையில் வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. செல்வியும் அவள் அம்மாவும் அங்கே அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கோ, புயல் என்றால் என்ன, அது எங்கே எதனால் உண்டாகிறது என்று விளக்கிவிட்டால் இவர் பயம் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை. கூண்டுக்காரனுக்கு மேடை கிடைத்தால் விடுவானா? "கொஞ்சம் கொல்லைப் பக்கம் வாங்க, காட்டுறேன்" என்று அவரைக் கையோடு அழைத்துப் போனேன்.

அண்டா மூடியைத் தூக்கச் சொன்னேன். ஆவி குபுகுபுவென்று மேலே போனது. "பாத்தீங்களா, சூடான ஆவி மேல போவுது. அது போன எடத்துக்குக் கீழேந்து வேற காத்து ஓடியாருது. அடுப்புப் புகையப் பாருங்க, அண்டாவப் பாத்துத்தான் சாயுது. புயலும் இதேதாங்க. அண்டாவுக்குப் பதிலா கடலு." இப்படித் தொடங்கி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். உனக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன், புயலுக்குள் உட்கார்ந்துவிட்டு வந்தவன் அது என்ன என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடலின் மேல்தோல் மட்டும் சுட்டால் புயல் வராது. காற்று கலக்கிய உடனே அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து அடுப்பை அணைத்துவிடும். ஐம்பது மீட்டர் ஆழம் வரைக்குமாவது இருபத்தாறு, இருபத்தேழு டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். அப்படிப்பட்ட கடலிலிருந்து ஆவி எழும்பி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, தண்ணீரிலிருந்து தான் எடுத்துக்கொண்டு போன சூட்டை அங்கே இறக்கி வைத்துவிடும். அந்தச் சூட்டில் மேலே இருக்கிற காற்று இன்னும் லேசாகி இன்னும் உயரே போகும். கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றுப்பட்ட காற்றெல்லாம் ஓடிவரும், வருகிற வழியில் அதுவும் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வந்து சேர முடியாமல் சுற்றத் தொடங்கும். இதில் இன்னொன்றும் உண்டு. மேல் வானத்தில் வேறு திசைக் காற்று பலமாக அடித்தால் எழும்புகிற மேகத்தைத் தலையை வெட்டினமாதிரி தள்ளிக்கொண்டு போய்விடும், புயல் உருவாகாது. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக இருக்கிற ஆடி, ஆவணியில் நமக்குப் புயல் வராமல் ஐப்பசி, கார்த்திகையில் வருவது அதனால்தான். உங்கள் பக்கத்தில் மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் கோடை, கடல் நன்றாகச் சூடேறியிருக்கும், அதனால் உங்களுக்கு அப்போது.

"கரையேறுனதும் அதுக்குச் சீவன் போயிடுதே, அது இதாலதானா?" என்று கேட்டார் செல்வியின் அப்பா. பேச்சில் ருசி பிடித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆமாங்க, கீழே தண்ணீர் இல்லை, அடுப்பு இல்லை, அதான் தளர்ந்துவிடுகிறது என்றேன். அமெரிக்கா பக்கம் ஹரிக்கேன் என்பார்கள், சீனா ஜப்பான் பக்கம் டைஃபூன், தம்பி இருக்கிற தீவில் பிரெஞ்சுக்காரர்கள் சிக்லோன் என்பார்கள், எல்லாம் ஒரே சாதிதான் என்றும் அளந்தேன். அவர் சம்சாரம் நெல்லைக் கிளறிக்கொண்டே, "இங்க அடிக்கிற புயலு அப்படியே கடலோட போயி அங்கயும் அடிக்குமாங்க?" என்று கேட்டார். இது உன் அம்மாவுக்கும் பழைய சந்தேகம். காரைக்காலில் கூண்டு ஏறினால் அவள் உனக்குப் போன் போட்டுத் துணியைக் காயப்போடாதே என்று சொல்லுகிறவள்தானே! பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் காற்றைச் சுற்றவிடுகிற விசை இல்லை, அதனால் புயல் அங்கே உண்டாவதும் இல்லை, அதைத் தாண்டிப் போவதும் இல்லை, இங்கத்துப் புயல் இங்கே, அங்கத்துப் புயல் அங்கே என்று விளக்கினேன். உன் அம்மா, "அப்ப ரெண்டுக்கும் தனித்தனியா கவலப்படணும்ங்கிறீங்க" என்றாள். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் அவளுக்கு இப்போது புயல் காலம்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. எங்கள் வேலையில் முதல் நாளே கற்றுக்கொள்கிற ஒரு பாடம் உண்டு. கடலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்று முதுகில் படுகிறமாதிரி திரும்பி நின்றால், இடது கைப் பக்கம்தான் புயலின் நடு இருக்கும். வாடைக்காற்று அடிக்கும்போது வடக்கே முதுகைக் காட்டி நின்று பார், இடது கை கிழக்கே கடலைக் காட்டும். பட்டினச்சேரியில் படகு வைத்திருக்கிறவர்கள் இதை வைத்துத்தான் எந்தப் பக்கம் தப்பி ஓடுவது என்று முடிவு செய்வார்கள். நான் அந்தக் கொல்லையில், சித்திரை வெயிலில், காற்றுக்கு முதுகைக் காட்டி இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "இவ்ளோதாங்க சூட்சுமம். நாளைக்கு உங்க பொண்ணு அங்க மாடியில இப்படி நின்னு பாத்தாப் போதும். இடது கை எங்க காட்டுதோ அங்கதான் புயலு. தெரிஞ்சுக்கிட்டா என்னா பயம்?"

"மாமா, அங்க இடது கை இல்லிங்க. வலது கை."

சொன்னது செல்வி. அடுப்புக்கு விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தபடியே சொன்னாள். நான் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றேன். "பூமியோட அந்தப் பாதியில காத்து எதிர்ப்பக்கமா சுத்துமுங்க, கடிகார முள்ளு மாதிரி. லைப்ரரியில புவியியல் புத்தகத்துல போட்டிருந்துச்சு" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. இத்தனை வருஷம் இடது கையையே காட்டிப் பழகியவனுக்கு, பூமிக்கு இன்னொரு பாதி இருப்பது மறந்துபோயிருந்தது. நல்லவேளை, புயல் வந்தபோது நீ என்னிடம் யோசனை கேட்கவில்லை. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

செல்வியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இத நீ எப்பம்மா படிச்ச?" என்று கேட்டார்.

"ஐப்பசியிலப்பா. அவங்க வந்து பாத்துட்டுப் போன வாரமே எடுத்துட்டு வந்தேன்."

"அங்க புயலடிக்கும்னு தெரிஞ்சேவா சரின்னு சொன்ன?"

"ஆமாம்ப்பா. இங்க அடிக்கலியா?"

காரியம் முடிந்தது, பத்திரிகை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இவ்ளோ நேரம் சொன்னதெல்லாம் நல்லா இருந்துச்சுங்க. ஆனா எனக்கும் புயலுக்கும் பழக்கம் இல்லாம இல்ல. கார்த்திகையில கதிரு வர்ற நேரத்துல எத்தினி தடவ எங்க சம்பா தண்ணிக்குள்ள படுத்திருக்கு. புயலப் பாத்து நான் வேணாம்னு சொல்லல. உங்க பையன் சொல்லலியேன்னுதாங்க எனக்கு. கூரை பறந்துபோயி, மெத்தையத் தலையில கவுத்துக்கிட்டுக் கிடந்தவரு, பெத்தவங்ககிட்டயே ஒன்னுமில்லன்னுட்டாரு. நாளைக்கு எம்பொண்ணுக்கு அங்க ஒரு காய்ச்ச தலைவலின்னா எங்கிட்டச் சொல்லுவாரா? அவளுக்கு ஒன்னுன்னா நான் யார்கிட்டங்க போயிக் கேக்குறது?"

குமார், கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் அவர் என்ன கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். செல்வியின் அம்மா நெல்லைக் கிளறுவதை நிறுத்திவிட்டார். உன் அம்மாதான் பேசினாள். அவள் பேசியதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இருந்தது, ஆனால் அவள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன் என்கிறாள்.

"இவரு மட்டும் என்னவாம்?" என்று என்னைக் காட்டினாள். "கல்யாணமான புதுசுல, பெரிய புயலு ஒன்னு வந்துச்சுங்க. இவரு சைக்கிள்ல வந்து, மூணு ஏத்தியிருக்கு, சும்மா காத்துதான்னுட்டுத் திரும்ப வேலைக்குப் போயிட்டாரு. நானும் நம்பிக்கிட்டு வாசல்ல வடாம் காயப்போட எடம் பாத்துக்கிட்டு நிக்கிறேன். மீன்காரம்மா கூடையத் தூக்கிக்கிட்டு ஓட்டமும் நடையுமா வருது. 'என்னாம்மா, ஊரே எட்டாம் நம்பருன்னு பறக்குது, நீ வடாம் போடுறியா? உம்புருசன்தானே ஏத்துனாரு'ன்னு கேட்டுச்சு பாருங்க. எனக்கு மானம் போச்சு. வரட்டும்னு இருந்து, ஊருக்கெல்லாம் எட்டு, பொண்டாட்டிக்கு மட்டும் மூணான்னு ஒரு புடி புடிச்சேன். அன்னையிலேந்து எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு. மறைச்சாலும் தெரிஞ்சுபோயிடும், மூக்கச் சொறிவாரு. எம்புள்ளையும் இவரு மாதிரிதாங்க. கெட்ட எண்ணம் கெடையாது. நம்மளப் பயமுறுத்தக் கூடாதுன்னு நெனைப்பு. ஒரு தடவ யாராவது நல்லா கேட்டுட்டாத் திருந்திடுவான்."

செல்வியின் அப்பா சிரித்துவிட்டார். முதலில் அடக்கப் பார்த்தார், முடியவில்லை, "எட்டு ஏத்திட்டு மூணுன்னீங்களா?" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். நானும் மூக்கைச் சொறியாமல் நின்றேன். உன் அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்தான், உனக்கு இதுவரை சொல்லவில்லை. நான் அன்றைக்கு எட்டை மூன்றாக்கியது அவள்மேல் இருந்த பிரியத்தால்தான். ஆனால் அதனால் அவள் பயப்படாமல் இருந்தாளா? பயந்தது பயந்ததுதான், என்னை நம்பி வாசலில் நின்ற அவமானமும் அதோடு சேர்ந்துகொண்டது. நீ எங்களுக்குச் செய்ததும் அதேதான். உன் பிரியம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ. உன் கூடவே இருக்கப் போகிறவளிடம் எண்ணைக் குறைத்துச் சொல்லாதே. அவள் பார்த்துக்கொள்வாள். வடாம் போடுவதா வேண்டாமா என்று அவளும் முடிவு செய்ய வேண்டும் அல்லவா?

செல்வியைப் பற்றி எனக்கு முன்பே நல்ல எண்ணம்தான். அன்றைக்கு அது இன்னும் கூடிப்போனது. உன்னோடு வாழப் போகிற இடத்தில் காற்று எந்தப் பக்கம் சுற்றும் என்று, யாரும் சொல்லாமலே, யாரிடமும் பீற்றிக்கொள்ளாமலே தெரிந்து வைத்திருக்கிறாள். நீ அந்தப் பெண்ணோடு நிச்சயத்துக்கு அப்புறம் எத்தனை முறை பேசினாய்? பொங்கலுக்கு ஒன்று, அவளுடைய பிறந்தநாளுக்கு ஒன்று. அதுவும் அவள் அப்பா பக்கத்தில் இருக்கும்போது, சாப்பிட்டீங்களா, மழை உண்டா என்று. கூச்சம் எனக்கும் இருந்ததுதான். ஆனால் நான் உன் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தேன், நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

நாங்கள் கிளம்பும்போது செல்வியின் அப்பா, "நான் இதுல ஒன்னும் சொல்லல சம்பந்தி. அவளே முடிவு பண்ணட்டும்" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் கையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டே, "அவர் எங்கிட்டப் பேசட்டும்பா. அப்புறம் சொல்றேன்" என்றாள். முறைப்பாகச் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவளே எங்களோடு நடந்து வந்தாள். உன் அம்மாவுக்குக் கால் வலி, அதனால் மெதுவாகத்தான் நடந்தோம். கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் தெரு முழுக்க. அந்தக் கூச்சலுக்கு நடுவில், உன் அம்மா கொஞ்சம் பின்தங்கிய நேரம் பார்த்து, என் பக்கம் வந்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"அன்னிக்குக் குளியலறைக்குள்ள இருந்தப்ப, அவருக்கு ரொம்பப் பயமா இருந்துச்சாமா மாமா?"

எனக்குத் தெரியவில்லை, குமார். தெரியலம்மா என்றுதான் சொன்னேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கண் கலங்கிவிட்டது, வெயில் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. இத்தனை நாளில் நாங்கள் எல்லோரும் வீட்டைக் கேட்டோம், காற்றைக் கேட்டோம், ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். உன்னைப் பெற்ற நாங்கள் இரண்டு பேரும் இதைக் கேட்கவில்லை. கேட்டது அந்தப் பெண்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கூப்பிடுவாயே, இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரம் மட்டும் கூப்பிடாதே. அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, அவள் கேட்டதற்குப் பதில் சொல்.

அப்பா